அவனுக்கு வைத்த சோறு

போர் முடிந்து ஊர் திரும்பும் கப்பலில் கஞ்சி மணி அடித்ததுமே குனிஹெய்க்கு வயிறு நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இளஞ்சூடாக எதுவோ தொண்டையில் இறங்கி வயிற்றில் போய் உட்கார்ந்தது. நாக்கின் அடியில் சாம்பல் வாடை, பற்களுக்கிடையே மணல் கடித்தது போல ஒரு நறநறப்பு. கஞ்சிக் குவளையைப் பக்கத்தில் படுத்திருந்த சக வீரன் இவாமியின் பக்கம் தள்ளினான்.

"இன்னிக்கும் பொண்டாட்டி ஊட்டிட்டாளா?" இவாமி குவளையை வாங்கிக்கொண்டான். "கொடுத்து வெச்சவன்டா நீ. காட்டுல நாங்கல்லாம் ஓணானைத் துரத்திக்கிட்டு அலைஞ்சோம். நீ மட்டும் புது மாப்பிள்ளை கணக்கா ஏப்பம் விட்டே."

அவன் சொன்னது கேலி என்றாலும் பொய் இல்லை. நியூ கினிக் காட்டில்தான் இது ஆரம்பித்தது. ஜப்பானில் வெளியூர் போனவனுக்கும் வீட்டில் வேளாவேளைக்கு மூடி போட்ட கிண்ணத்தில் சோறு வைப்பார்கள்; போன இடத்தில் அவன் பசியறியாமல் இருப்பான் என்று நம்பிக்கை. கிண்ணத்து மூடியின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று நிம்மதியாவார்கள். எல்லா வீட்டிலும்தான் வைத்தார்கள், ஆனாலும் காட்டில் பட்டாளம் பட்டாளமாகப் பட்டினியில் செத்தார்கள். குனிஹெய்க்கு மட்டும் பலித்தது. ஏன் என்று அவனுக்கும் விளங்கவில்லை.

மாலையானால் போதும், மனைவி சுமியே வைக்கும் மிசோ என்னும் சோயாச் சாறு நாக்கில் மணக்கும். ஊரில் பஞ்சம் வந்ததைக்கூட அவன் நாக்குத்தான் முதலில் சொன்னது. அரிசி குறைந்து தவிடு வந்தது, அப்புறம் வள்ளிக்கிழங்குத் தண்டு. அது சுமியேயும் சின்ன மகள் தோமோகோவும் தங்கள் வாயைக் கட்டி வைக்கும் சோறு என்று அவனுக்குத் தெரியும். 'எனக்கு வைக்காதே, பிள்ளைக்குக் கொடு' என்று இருட்டைப் பார்த்துச் சொல்வான். சொல்லிவிட்டு விழுங்குவான்.

போன ஆகஸ்டில் ஒரு நாள் மாலை எதுவும் வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இல்லை. பசியைவிடப் பயம் அவனைத் தின்றது. பிறகு ஒரு நாள் திரும்ப வந்தது, இந்தச் சாம்பல் வாடையோடு. அரிசியில் கல், அடிபிடித்துச் சோறு தீய்ந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு தடவை கல்லைக் கையில் துப்பிப் பார்த்தான். வெள்ளையாக, சின்னதாக இருந்தது. சுண்டி எறிந்துவிட்டான்.

ஹிரோஷிமா ஒரே குண்டில் போய்விட்டது என்று கப்பலில் அதிகாரி சொன்னபோது அந்த ஊர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அதே ஊர்க்காரனான குனிஹெய் அழவில்லை. சோறு வருகிறதே, வைக்க ஆள் இல்லாமல் எப்படி வரும்?

ஒதாக்கே துறைமுகத்தில் தலையில் பூச்சி மருந்துப் பொடியைக் கொட்டி இறக்கிவிட்டார்கள். இவாமிக்கு வேறு திசையில் ரயில். போகும்போது குனிஹெய்யின் வயிற்றில் செல்லமாக ஒரு குத்து விட்டான்.

"எவன் என்ன சொன்னாலும் கேக்காதே. உன் வயித்தை நம்பு. உன் வீட்டுக்காரியும் பொண்ணும் பத்திரமா இருக்காங்க."

ஹிரோஷிமாவின் கோய் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வீடுகள் நின்ற இடத்தில் வானம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது; அங்கங்கே துருப்பிடித்த தகரக் குடிசைகள், கருகிய மரங்களின் அடியில் இடுப்பளவு களை, ஈரச் சாம்பலும் தளிரும் கலந்த ஒரு வாடை. அது அவன் நாக்குக்குப் பழகிய வாடை. இடிபாடுகளுக்கு நடுவே தண்ணீர்க் குழாய்கள் மட்டும் மொட்டையாக நின்று சொட்டிக்கொண்டிருந்தன. பாலம் தாண்டியும் அந்தச் சொட்டு அவன் கூடவே வந்தது. தென்மா ஆற்றங்கரையில் தன் தெரு எது என்று தெரியாமல் நின்றான்.

"அடடே, குனிஹெய் தம்பியா?"

அடுத்த வீட்டுத் தெராவோ அக்கா. கிழங்குக் கொடிக்கு நடுவே மண்கையோடு நிமிர்ந்தாள். போர் நேரத்தில் தங்கை ஊருக்குப் போயிருந்ததால் பிழைத்தவள்.

"இதென்னப்பா, கன்னத்துல சதை வெச்சு வந்திருக்கே! திரும்பி வர்றவங்கல்லாம் எலும்பும் தோலுமா இல்ல வர்றாங்க."

"சுமியே எங்கக்கா?"

அவள் கையை உடையில் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"குண்டு விழுந்த அன்னிக்குக் காலையிலயே தம்பி. ரெண்டு பேரும். அடுப்படியில இருந்திருக்காங்க."

குனிஹெய்க்குச் சிரிப்புதான் வந்தது. "என்னக்கா பேசறீங்க? நேத்துகூடச் சோறு வெச்சாளே."

தெராவோ அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். இப்படிப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டவள் போல, பதறாமல் மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான் தம்பி எலும்பு பொறுக்கினேன். குச்சியால எடுக்கறதுதான் முறை, கிடைக்கல, கையாலதான். தாழிக்கு எங்க போறது? ஊரே அள்ள ஆளில்லாம கிடந்துச்சு. உன் கிண்ணம் ஒண்ணுதான் உடையாம இருந்துச்சு, அந்த நண்டுப் படம் போட்டது, மூடியோட. அதுல ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சு மூடிட்டேன். சுமியே நீ போன தெக்குத் திசையைப் பார்த்து இல்ல வைப்பா? அதே இடத்துல, அதே மாதிரி வெச்சேன். 'அவரு பசி தாங்க மாட்டாருக்கா'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா பாவம். நான் செஞ்சது சரிதானே?"

அவன் அவள் காட்டிய பக்கம் திரும்பினான். அடுப்படி இருந்த இடத்தை நோக்கி நடந்தான்.

கிண்ணம் இருந்தது. மேல்பூச்சு வெப்பத்தில் கொப்பளித்திருந்தாலும் நீல நண்டு தெரிந்தது. மூடியின்மேல் ஒரு செங்கல். செங்கல்லில் பாசி படர்ந்திருந்தது. வைத்த பிறகு அதை யாரும் அசைத்ததாகத் தெரியவில்லை. குனிஹெய் மண்டியிட்டுச் செங்கல்லை நகர்த்தினான். பீங்கான் அவன் விரலுக்குச் சூடாகப் பட்டது.

மூடியைத் திறந்தான்.

உட்புறமெல்லாம் நீர் கோத்திருந்தது. கிண்ணம் வழித்துத் தின்றது போலக் காலியாக இருந்தது. அடியில் ஒரே ஒரு எலும்பு, பால் பல் அளவில். பிள்ளையின் விரல் நுனியாக இருக்கும்.

பின்னால் வந்த தெராவோ அக்கா எட்டிப் பார்த்தாள். "ஐயோ, நிறைய இருந்துச்சே! மூட முடியாம அமுக்கி மூடினேனே தம்பி!"

கையில் துப்பிப் பார்த்த வெள்ளைக் கல் குனிஹெய்க்கு ஞாபகம் வந்தது. சுண்டி எறிந்த அந்தக் கல்.

மேற்கு மலைக்குமேல் சூரியன் பாதிதான் மிச்சம் இருந்தது. இது சோற்று வேளை.

எலும்பை எடுத்து வலது கைக்குள் மூடிக்கொண்டான். நகம் சதையில் பதியும்வரை மூடினான். இடது கையால் தெராவோ அக்காவின் கொடியைப் பிடுங்கி, மண் ஒட்டிய பச்சைக் கிழங்கைக் கடித்தான். வயிறு முதலிலேயே நிறைந்துவிட்டால் அந்தச் சோறு வராது என்று நினைத்தான். கடித்தான், மென்றான், திணித்தான். விழுங்கியதெல்லாம் அப்படியே வெளியே வந்தது. மறுபடி திணித்தான். மறுபடி வந்தது.

"தம்பி, என்ன பண்றே? யப்பா, வேண்டாம்ப்பா!"

"சுமியே, வைக்காதேடி," என்று அழுதான். "எனக்குப் பசிக்கல. சத்தியமா பசிக்கல. பிள்ளையை விட்டுடு."

குழாய் சொட்டியது. சூரியன் ஒரு கீற்றாகிவிட்டது. பல்லை இறுகக் கடித்தான். உதட்டை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டான். மூச்சையும் அடக்கினான்.

கீற்றும் போனது.

குழாய்ச் சத்தம் நின்றது.

நாக்கில் சாம்பல்.

பற்களுக்கிடையே சின்னதாக ஒரு நறநறப்பு. தொண்டையில் இளஞ்சூடு. அது இறங்கியது. வயிறு நிறைந்தது, காட்டில் நிறைந்தது போலவே, நிம்மதியாக.

அவன் கையைத் திறக்கவில்லை. தெராவோ அக்காதான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளங்கையில் நகத் தடம் மட்டும் இருந்தது. அவன் மடியில் மல்லாந்து கிடந்த மூடியில் புதிதாக நீர் கோத்துக்கொண்டிருந்தது.