மேலே ஏறிய கறை

மூக்கிக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. அடுப்பில் பால் அடிப்பிடிப்பதை அம்மாவுக்கு முன்பே சொல்லிவிடுவாள். அப்பாவின் காலுறை எந்த நாற்காலிக்கு அடியில் கிடக்கிறது என்று வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த மூக்குக்குக் கொஞ்ச நாளாகவே கூடத்து மூலையில் இருந்த புத்தக அலமாரிமேல் ஒரு சந்தேகம். ஈரச் செருப்பை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை அங்கே அடித்தது.

"பழைய புத்தகம்னா அப்படித்தான் இருக்கும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவசரமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

ஒருநாள் அலமாரிக்கு மேலே, சுவரில் கறை தெரிந்தது. முதலில் உள்ளங்கை அளவு. அடுத்த வாரம் சாப்பாட்டுத் தட்டு அளவு. தொட்டால் சுண்ணாம்பு மாவு போல உதிர்ந்தது.

அந்தச் சுவரை ஒட்டி வெளியே இருந்த பால்கனிக்கு நேர் மேலேதான் மாடிவீட்டு அத்தையின் பால்கனி. அங்கே பதினேழு பூந்தொட்டிகள் இருந்தன. அம்மாவுக்கு அது போதும். விறுவிறுவென்று மாடிப்படி ஏறினார்.

"அக்கா, நீங்க செடிக்கு ஊத்துற தண்ணியெல்லாம் எங்க சுவத்துலதான் இறங்குது."

"நான் டம்ளர்ல அளந்துதான் ஊத்துறேன். தொட்டிக்கு அடியில தட்டு வேற வச்சிருக்கேன்."

"அப்போ எங்க சுவர் தானா அழுவுதா?"

பேச்சு தடித்தது. அம்மா கீழே வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. "இனிமே இந்த வீட்டுலேருந்து யாரும் மாடிக்குப் போகக்கூடாது" என்றார்.

மூக்கிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மாடியில்தான் வாலு இருந்தாள். அத்தையின் மகள். வேறு பள்ளிக்கூடம் என்பதால் மாலையில் மட்டும்தான் பார்க்க முடியும். அன்றுகூட இருவரும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூக்கியின் குதிரை வாலுவின் ராணியை மிரட்டிக்கொண்டு நின்றபோது ஆட்டம் பாதியில் நின்றுபோனது. மூக்கி முதல்முறையாக ஜெயிக்கப் போகிற ஆட்டம் அது. ஆனால் ஜெயிக்க முடியாமல் போனதைவிட, எதிரே வாலு இல்லாததுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

மூன்று நாள் கழித்து இருவரும் தெருக் கதவருகே சந்தித்துக்கொண்டார்கள்.

"அம்மா செடிக்குத் தண்ணியே ஊத்துறதில்ல" என்றாள் வாலு. "உங்க வீட்டுக் கறை காயிற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்த மாட்டாங்களாம். ரோசம். செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுடுச்சு."

"நம்ம ஆட்டம்?"

"பலகை கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு. தம்பி தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அப்படியானால் கறை காய வேண்டும். காய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூக்கி முக்காலியைப் போட்டு ஏறினாள். பென்சிலால் கறையின் ஓரத்திலேயே ஒரு கோடு வரைந்தாள். பக்கத்தில் தேதியை எழுதினாள்.

மறுநாள் கறை கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு. அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஐந்தாம் நாள் அம்மா பார்த்துவிட்டார்.

"சுவத்துல ஏண்டி கிறுக்குற?"

"கிறுக்கலம்மா, அளக்குறேன். கோடு எல்லாம் எந்தப் பக்கம் போகுது பாரு."

"மேல போகுது. அதுக்கென்ன?"

"மாடியிலேருந்து தண்ணி வந்தா கறை கீழதானே இறங்கணும்? இது மேல ஏறுது. கூரைக்குப் பக்கத்துல சுவர் காய்ஞ்சே இருக்கு. அத்தை ஒரு வாரமா செடிக்குத் தண்ணியும் ஊத்தல."

அம்மா கோடுகளின் பக்கத்தில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மூக்கி கறையின் கீழ்ப்பக்கம் பார்த்தாள். அது அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்தது.

"அப்பா, அலமாரிக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

அப்பா வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் போல விழித்தார். "போன வருஷம் தரையோரமா லேசா ஈரம் தெரிஞ்சுது. பார்க்க அசிங்கமா இருந்துச்சு. அதான் அலமாரியை அங்க நகர்த்தி..."

"மறைச்சிட்டீங்க" என்று அம்மா முடித்தார்.

"அப்ப அழகாதான் இருந்துச்சு" என்றார் அப்பா.

புத்தகங்களை இறக்கிவிட்டு மூவரும் அலமாரியை இழுத்தார்கள். பின்பலகை முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. விரலால் அழுத்தினால் மரம் உள்ளே போனது. சுவர் தரையிலிருந்து கறை வரை நனைந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த பால்கனிக் கதவின் நிலைச்சட்டமும் அடியில் கறுத்திருந்தது.

மூக்கி சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தாள். பிறகு இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"அம்மா, யாராவது சோப்பு போட்டு செடிக்குத் தண்ணி ஊத்துவாங்களா?"

"சோப்பா?"

அம்மா பால்கனிக்கு ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் துணி துவைக்கும் இயந்திரம் இருந்தது. அதன் பின்னால் எட்டிப் பார்த்தார். அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாய் சாக்கடைத் துளையிலிருந்து நழுவி, சுவரோரம் கிடந்தது. தினமும் துவைத்த தண்ணீர் தினமும் சுவருக்குத்தான் போயிருக்கிறது. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் தச்சர் வந்தார். திருப்புளியால் நிலைச்சட்டத்தின் அடியில் குத்தினார். ரொட்டிக்குள் போவது போல அது உள்ளே போனது. மேலே ஏற ஏறக் குத்திப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் 'டொக்' என்று கெட்டிச் சத்தம் வந்தது.

"தப்பிச்சீங்க. அடியில மட்டும் வெட்டிட்டு புது மரம் இணைச்சிடலாம். ஆனா முதல்ல சுவர் நல்லா காயணும். ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் ஒரு பெயின்ட் அடிச்சு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

மூக்கியும் அம்மாவும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காயட்டும், காயட்டும்" என்றார் அப்பா.

அன்று மாலை அம்மா மாடிப்படியில் இரண்டு படி ஏறினார், இறங்கினார். மறுபடி மூன்று படி ஏறினார், இறங்கினார். "எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய்ப் பேசுறதுன்னு தெரியலடி" என்றார்.

மூக்கி உள்ளே போய் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வந்தாள். "பேச்சு வரலன்னா பரவாயில்லம்மா. இதை ஒரு கை பிடி."

இருவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். கதவைத் திறந்த அத்தை வாளியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"செடியெல்லாம் வாடிப்போச்சாமே, அக்கா" என்றார் அம்மா. "தண்ணி கொண்டு வந்தேன். கசிவு எங்க வீட்டுலதான். விசாரிக்காம உங்களைப் பேசிட்டேன்."

அத்தை உள்ளே போய் ஒரு டம்ளரோடு திரும்பி வந்தார்.

"ஒரு தொட்டிக்கு ஒரு டம்ளர்தான். அப்படியே கவுத்துடாதே" என்றார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

அதற்குள் வாலு கட்டிலுக்கு அடியில் புகுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையை வெளியே இழுத்திருந்தாள். ஒரு காய்கூட நகரவில்லை. மூக்கியின் குதிரை இன்னும் ராணியை மிரட்டிக்கொண்டுதான் நின்றது.

"பத்து நாளா யோசிச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாலு தன் மந்திரியை எடுத்தாள். எங்கோ மூலையிலிருந்து குறுக்கே வந்த மந்திரி, மூக்கியின் குதிரையைத் தட்டித் தூக்கியது.

மூக்கி சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள். பால்கனியில் அம்மாவும் அத்தையும் தொட்டிகளை எண்ணிக்கொண்டே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஈர மண்ணின் வாசம் அறைக்குள் வந்தது. குதிரை போனதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"உன் ஆட்டம்" என்றாள் வாலு.