அறுபது குதிரைகளைக் காணோம்!

போலீஸ் கேப்டன் மஷாபா கைவைத்த வழக்கு எதுவும் துலங்காமல் போனதில்லை!

இதுவரை கைவைத்தது இரண்டு. அதில் ஒன்று அவருடைய சொந்த செல்போன். சோபா இடுக்கில் கிடைத்தது.

டிர்ர்ர்ர்...

அந்த போன்தான் இப்போது அலறியது.

"கேப்டன்! என் கார் இன்ஜினை மாத்திட்டா!" மினிபஸ் முதலாளி லுங்கேலோ கதறினான். "நானூறு குதிரைத்திறன்னு சொல்லி மாட்டினா. நேத்து கார் கிளப்புல சக்கரத்துல அளந்தா முந்நூத்தி நாப்பது! அறுபது குதிரையை முழுங்கிட்டா!"

"யாரு?"

"ஒர்க்ஷாப் டினெயோ!"

தடயம் கெடக்கூடாதே... கிளப்பில் நின்ற சிவப்புக் காரை கேப்டனே ஓட்டிவந்து டினெயோவின் ஒர்க்ஷாப்பில் சக்கரத்தின் திறனை அளக்கும் உருளைகள் மேல் ஏற்றினார். நழுவிவிடாதபடி எல்லா முன்ஜாக்கிரதையும் எடுத்துக்கொண்டார்.

டினெயோ எண்ணெய் வழியும் மக்வின்யா போண்டாவைக் கடித்தபடி சிரித்தாள்.

"முழுங்கினது நான் இல்ல கேப்டன். கியர்பாக்ஸ், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், டயர்... வழியில ஆளாளுக்கு ஒரு வாய். நூத்துக்குப் பதினஞ்சு போறது வழக்கம்தான்."

"திருட்டுல வழக்கம் வேறயா! விலங்கை எடுக்கட்டா?"

"விலங்கோட நின்னா என் கடைக்கு எவன் வருவான்? அளந்து பாத்துட்டு மாட்டுங்க."

"அளப்பேன்! ஆனா உன் கை படக்கூடாது. நானே மிதிக்கறேன்!"

பெல்ட் போட்டுக் காரைக் கட்டினார்கள். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. தன் வருகைக்கு மரியாதை என்று கேப்டன் எடுத்துக்கொண்டார்.

வ்ர்ர்ரூம்!

திரையில்... இருநூற்றுத் தொண்ணூறு!

"ஐயோ! ஒரே ராத்திரில இன்னும் அம்பது காணோமே!" லுங்கேலோ தலையில் அடித்துக்கொண்டான்.

டினெயோவின் மக்வின்யா தரையில் விழுந்தது.

க்ளிக்! ஜன்னல் வழியாகவே அவள் கையில் விலங்கு ஏறியது.

"கேப்டன்... ஒரே ஒரு தடவை, வேகத்துல இருக்கறப்ப கிளட்சை மிதிங்க. இன்ஜின் கழண்டுக்கும். சக்கரம் தானா எவ்ளோ நேரம் உருளுதுன்னு பாப்போம்."

மிதித்தார்.

சக்கரம் உருளவே இல்லை. முரண்டு பிடித்து நின்றது. கருகல் நாற்றம் வேறு!

கேப்டனின் கண்கள் மின்னின.

"பிடிச்சிட்டேன்! இன்ஜின் நிரபராதி. திருடன் பின்சக்கரத்துல இருக்கான்! நேத்து அளந்ததுக்கு அப்புறம் இந்தக் கார்ல எவன் ஏறினானோ, அவன்தான் குற்றவாளி! எவன் அவன்?"

லுங்கேலோ கூரையைப் பார்த்தான்.

"பயப்படாம சொல்லுங்க! நான் இருக்கேன்!"

"நீங்க மட்டும்தான் இருக்கீங்க, கேப்டன்" என்றாள் டினெயோ.

கேப்டனின் இடது கை மெல்லக் கீழே போனது.

கடக்.

மறுபடி அளந்தார்கள். முந்நூற்று நாற்பது. கிளட்சை மிதித்ததும் சக்கரம் சாவகாசமாக உருண்டு நின்றது. அதை வைத்து இயந்திரமே கணக்குப் போட்டுக் காட்டியது... வழியில் போனது அறுபது!

"அப்ப இன்ஜின்ல நானூறு சரியாத்தான் இருக்கு" லுங்கேலோ முனகினான். "மன்னிச்சுக்க சிஸி, தங்கச்சி."

கேப்டன் விலங்கைக் கழற்றினார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"மூணாவது வழக்கும் துலங்கிடுச்சு!"

"குற்றவாளி பேரை எழுதிக்கலையா கேப்டன்?" என்றாள் டினெயோ.

கேப்டன் இறக்கிவிடும்வரை, ஹேண்ட்பிரேக் இரண்டு பல் ஏறியிருந்தது.