கரிசனமானியின் மஞ்சள்

பேருந்தின் கைப்பிடிக் கம்பி வெள்ளையாக மின்னியது. இரண்டு பேரின் கைகள் மோதிக்கொள்ளாதபடி நடுவில் லேசாக வளைந்திருந்தது. ஐந்து வருடங்களாக அதைப் பிடித்துத் தொங்குகிறாள் சுடர்க்கொடி. கரிசனமானியை மாட்டிக்கொண்டு இன்றுதான் பார்க்கிறாள்.

கரிசனமானி வந்த மாதத்தில் கோயம்புத்தூரே இப்படித்தான் இருந்தது. மூக்குக் கண்ணாடி போன்ற கருவி. அணிபவரின் உயரம், கை, பார்வை எல்லாவற்றையும் முதலில் அளந்துகொள்ளும். பிறகு, ஒரு பொருளின் வடிவமோ இடமோ யாரோ யோசித்து அமைத்ததாக இருந்தால் அதை ஒளிரச் செய்யும். எல்லோருக்குமாக யோசித்தது வெள்ளை. அணிந்தவருக்காகவே யோசித்தது மஞ்சள். மஞ்சளை அதிகம் பேர் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அறையில் இரண்டு பெட்டிகள் தயாராக இருந்தன. நாளை வேறு வீட்டுக்குப் போகிறாள். ஜெசிந்தாவோடு மூன்று வருடம் சேர்ந்து குடியிருந்தது போதும். போன வாரம் சர்க்கரை டப்பா முழுக்க எறும்பு. "ஒரு மூடிய ஒழுங்கா மூடத் தெரியாதா? உனக்கு யாரப் பத்தியும் அக்கறையே கிடையாதுடி" என்று கத்தியிருந்தாள். ஜெசிந்தா சர்க்கரையைத் தட்டில் கொட்டி எறும்பை ஓட்டினாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

காபி போடச் சமையலறைக்குள் போனவள் நின்றுவிட்டாள்.

அடுப்பின் இடப்பக்கம் லைட்டர் மஞ்சளாக ஒளிர்ந்தது. சுடர்க்கொடிக்கு இடக்கைப் பழக்கம். கீழ்த்தட்டில் டம்ளர்கள், அவள் குள்ளம். மூன்றாவது சுவிட்சின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு, இரவில் தண்ணீர் குடிக்க எழுபவள் இருட்டில் தடவினால் விரலில் படும்படி.

கடைசியாகச் சர்க்கரை டப்பா. மூடி பாதித் திருகில் நின்றிருந்தது. விளிம்பு முழுக்க மஞ்சள்.

போன வருடம் அவளுக்கு மணிக்கட்டு உடைந்தது. இறுக்கிய மூடியை அவளால் இன்னும் திறக்க முடியாது. அப்படி ஒரு மூடி இந்த வீட்டில் இருந்ததாக நினைவும் இல்லை.

ஜெசிந்தா வந்ததும் கேட்டாள். "மூடிய ஏன் இறுக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி என்னத்துக்கு? தெறந்தா சரி."

"எறும்பு வந்துச்சேடி."

"அதுக்கும் கை வலிச்சிருக்கும்."

சுடர்க்கொடி சிரித்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "நீ போட்டுப் பாரேன்."

கருவி ஜெசிந்தாவை அளந்து முடித்தது. அவள் சமையலறையைப் பார்த்தாள். கூடத்தை, குளியலறையை. மறுபடியும் கூடத்தை.

"ஷாம்பு பாட்டில்ல வரி வரியா இருக்கு பாரு. கண்ண மூடிட்டு எடுக்குறவங்களுக்காம். வெள்ளையா மின்னுது."

"மஞ்சள்?"

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினாள். துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தாள். "அது ரிப்பேர் போலடி. கடைல குடுத்துப் பாரு."

சுடர்க்கொடி வாங்கி மாட்டிக்கொண்டாள். கருவி தன்னை அளந்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

வீடெங்கும் மஞ்சள். திறந்திருந்த அறைக்கதவு வழியே அவளுடைய பெட்டிகளும் தெரிந்தன. காலையில் வெறுமனே இருந்த கைப்பிடிகளில், மணிக்கட்டை உறுத்தாதபடி, இப்போது துணி சுற்றியிருந்தது.