விளிம்பின் வயது

கத்திக்கு எழுபது வயது இருக்கும். தீட்டிய விளிம்புக்கோ ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

பழைய சவரக் கத்திகளை வாங்கி விற்கும் அவளுக்குக் கடைத்தெருவில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். கண்ணாடி வைத்துப் பார்க்காமல் பெற்ற தாயையும் நம்பமாட்டாள் என்று கேலி. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அக்காவின் கணவர். அடுத்த தெருதான் வீடு. ஆனாலும் இந்த மழை மாலையில், சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார்.

"எங்க தாத்தாவோடது. பல வருஷமா யாரும் தொடல. எங்கயாவது தள்ளிவிட்டுடு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். முத்திரை தேய்ந்து வழவழத்திருந்தது, கொம்புக் கைப்பிடி மஞ்சளித்திருந்தது, அதெல்லாம் சரிதான். ஆனால் கத்தி மடங்கும் ஆணியடியில் சாணைக்கல்லின் சாம்பல் சேறு இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது, எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது, காற்றில் ஷட்டர் கடகடக்கும்போதெல்லாம் அத்தானின் பார்வை வாசலுக்கு ஓடியது.

"அக்கா எப்படி இருக்கா?"

"தூங்குறா. போன் கீன் பண்ணி எழுப்பிடாத."

அக்காவை ஏதோ செய்துவிட்டார். இல்லை, செய்யப்போகிறார். டீ போடுவதாகச் சொல்லிப் பின்னறைக்குப் போய் அழைத்தாள். எடுத்தது அக்காவேதான். போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா, அத்தான் கடைக்குக் கத்தியோட வந்திருக்காரு. எனக்குப் பயமா இருக்கு. நீ கதவைப் பூட்டிக்கோ."

"அங்கயா இருக்காரு?" குரலில் தூக்கமே இல்லை. "பேச்சுக் குடுத்து உட்கார வை. வர்றேன்."

திரும்பி வந்து கத்தியை விளக்கடியில் பிடித்தாள். வலது கைக்காரர் தீட்டினால் கத்தி முதுகில் ஒரு பக்கம் கூடுதலாகத் தேயும். ஆயிரம் கத்திகளில் பார்த்த தேய்மானம் அது. இதில் தேய்ந்திருந்தது மறுபக்கம். புதுத் தேய்மானம். ஒரு நாள் வேலையல்ல, பல இரவுகளின் வேலை.

இடது கை.

அத்தானுக்கு வலது கை. அந்த வீட்டில் எழுதுவதும் நறுக்குவதும் இடது கையால் செய்கிறவள் ஒருத்திதான்.

"அத்தான்... எந்திரிங்க. பின்பக்கமா போயிடுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "போன் பண்ணிட்டியா?" கோபமே இல்லாமல் கேட்டார்.

ஷட்டர் தரைவரை இறங்கியது. உள்பக்கத்தில், மழைநீர் சொட்ட, அக்கா. சிரித்த முகம். நீட்டிய இடது கை.

"குடுடி. நேத்துப் பாதியில விட்டது இன்னும் முடியல."

அவள் கத்தியை மார்போடு அணைத்துக்கொண்டாள். கத்த வாய் திறந்தாள்.

அத்தான் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பழகியவர் போல் நாற்காலியில் சாய்ந்தார். தலையைப் பின்னுக்குத் தள்ளிக் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையில், காது முதல் காது வரை, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஆறாத மெல்லிய வெட்டுக் கோடுகள்.