ஜூன் மாதத்துக் காலிக் கட்டங்கள்

ஆகஸ்ட் 3, காலை 6:40. கேம்பல் பே அரசுக் குடியிருப்பின் குளியலறையில் ஜூனியர் இன்ஜினியர் சுதாகர் இறந்து கிடந்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது; வெகுநாள் கவனிக்காத ரத்த அழுத்தம் என்றார் டாக்டர்.

போர்ட் பிளேரில் இருந்த மனைவி உமா மகேஸ்வரிக்கு அது நம்பும்படியாக இல்லை. தீவுகளில் இரண்டாயிரம் பேரின் ரத்த அழுத்தத்தையும் நாடியையும் மாதாமாதம் அளந்து பின்தொடரும் ஆய்வில் அவள்தான் புள்ளியியலாளர். சுதாகரும் அதில் ஒருவர். பட்டியலில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனாலும் 1146 தன் கணவன் என்பது அவளுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை யாருக்கும் தெரியாமல் அந்த வரிசையைப் பார்ப்பாள். 118, 114, 112. நிம்மதியாக மூடிவைப்பாள். ஜூனில் மட்டும் கட்டம் காலி. அன்றே போன் செய்து திட்டினாள். "சரி தாயே, போறேன்" என்று சிரித்தார். ஜூலையில் 117 வந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கேம்பல் பேக்குக் கப்பலேறினாள். மெஸ் நடத்தும் சொர்ணம்மா சொன்னாள்: "பொங்கல்லேர்ந்து தலைவலின்னு துண்டைக் கட்டிக்கிட்டுதான் தம்பி சாப்பிட வரும். ஆஸ்பத்திரிக்குப் போப்பான்னா, ஜஹாஜ் வரட்டும், கப்பலேறிப் போய் போர்ட் பிளேர்ல காட்டிக்கிறேன்னும்."

ஆகஸ்ட் 22, காலை 10:15. ஆய்வின் கிளை அலுவலகம். அளவுகளைக் கணினியில் ஏற்றும் ரவிச்சந்திரனின் மேசை முன் உமா உட்கார்ந்தாள்.

"நம்பரை மாத்தினீங்களா, ரவிச்சந்திரன்?"

"நான் டைப் அடிக்கிற மெஷின் மேடம். மூளை இருந்தா மெயின்லேண்ட்ல இருந்திருப்பேன்."

"கற்பனை நம்பரா?"

"கற்பனைன்னா பூஜ்யத்துலயும் அஞ்சுலயும் முடியும், பிடிச்சிடுவோம்னு நீங்கதானே சர்க்குலர் அனுப்பினீங்க? இது அப்படி இல்லயே."

அளந்தவள் சுபிதா, ஒப்பந்தச் சுகாதார ஊழியர். தோளில் குழந்தை தூங்க, வாசலிலேயே நின்றாள்.

"சார் அளக்க வந்தாரா?"

"வந்தாரு மேடம்."

"குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"ரெண்டு. ஜூன்ல பொறந்தா. அந்த மாசம் மட்டும் வேற நர்ஸ் வந்தாங்க."

பகல் 2:30. சுபிதாவின் அறுபது பேருக்கும் உமா தனித்தனியே கோடு வரைந்தாள். ஒவ்வொரு உடம்பும் தனக்கென்று ஒரு வழியில் ஏறி இறங்கும். ஆனால் ஏழு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்தன. கிழவர், மீனவர், கடைக்காரர், சுதாகர். அக்டோபரில் 76 ஆக இருந்த நாடி மே மாதம் 94. அழுத்தம் நடுவில் தாழ்ந்து மறுபடி ஏறியது. ஜூனில் ஏழு கட்டமும் காலி. ஜூலையில் நாடி திரும்ப 76.

மணி 4:20.

"ஏழு பேருக்கும் ஒரே கைதான், சுபிதா. வயித்துல பிள்ளை வளர வளர நாடி ஏறுற கை. பிரசவ மாசம் மட்டும் ஆய்வுக்கு வராத கை."

சுபிதா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"என் கைதான். வராதவங்களுக்காக என் கையில கட்டிப் பார்த்து எழுதினேன். சாரைத் தேடி மூணு தடவை போனேன். சைட்ல இருக்கேம்மா, அடுத்த வாரம்னாரு."

"காலியா விட்டிருக்கலாமே. அதைப் பார்த்திருந்தா நான் போன் பண்ணியிருப்பேன்."

"பத்துல ஒண்ணுக்கு மேல காலி இருந்தா கான்ட்ராக்ட் கிடையாதுன்னு லெட்டர் வந்துச்சு மேடம். எனக்கு ஏழு காலி. வயித்துல இவ. எங்க வீட்டுக்காரர் மிக்கேலுக்கும் படகுல வேலை இல்ல."

ரவிச்சந்திரன் கோப்பைத் திறந்து அந்தக் கடிதத்தை மேசையில் வைத்தார். உமாவுக்குக் கையெழுத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உடம்பு முடியாதவர்கள்தான் முதலில் வராமல் போவார்கள், வராததும் ஒரு தகவல்தான் என்று ஊழியர் பயிற்சியில் பாடம் எடுத்தவள் அவள். அறிக்கையில் காலிக் கட்டங்கள் குறைவாக இருந்தால் அழகாக இருக்குமென்று அந்த விதியை எழுதியவளும் அவளேதான்.

"அப்ப மேலிடத்துக்கு என் பேர் போகுமா மேடம்?"

"போகும். ரெண்டாவதா."

சுபிதா போன பிறகு, மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையின் முதல் வரியில் உமா தன் பெயரையும் கடித எண்ணையும் எழுதினாள். பிறகு 1146 வரிசையைத் திறந்தாள். அக்டோபர் முதல் மே வரை, அப்புறம் ஜூலை. அந்த அளவை நீக்கலாமா என்று கணினி ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே கேட்டது. ஒன்பது முறையும் ஆம் என்றாள்.