ஓடைக்கரையில் கூப்பிட்ட பெயர்

கிச்சா இன்னும் தூக்கச் சொல்லவில்லை. ஐந்து வயசுப் பிள்ளை, தெருமுனை வரைக்கும் நடக்கச் சொன்னாலே கால் வலிக்கிறதென்று ரோட்டில் உட்கார்ந்துவிடுகிறவன், ஒன்றேகால் மணி நேரமாக மலைக்காட்டுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறான். ஒரு சிணுங்கல் கிடையாது. அவன் அம்மா ஸ்ரீஜாவுக்கு அது பிடிக்கவில்லை.

போன ஐப்பசியில் இதே பாதையில்தான் மூத்தவள் ஜானவி கொலுசு குலுங்க முன்னால் ஓடினாள். ஒன்பது வயசு. ஓடைப் பாறையில் வழுக்கியவள் மூன்றாம் நாள்தான் கீழே கிடைத்தாள். பார்க்க வேண்டாம் என்று மூடியே கொடுத்தார்கள். பெற்றவளுக்கு முகத்தைக் காட்டாமல் அனுப்பினால் மனசு ஆறுமா? ஆறவில்லை. கிச்சாவுக்குச் சோறு ஊட்டும்போதுகூட அவள் நினைப்பு மூத்தவளிடமே இருந்தது. பாழாய்ப்போன நினைப்பு.

காலையில் கல்பாத்தியிலிருந்து காரை எடுக்கும்போதே அவள் கணவன் அமர்நாத் படித்துப் படித்துச் சொன்னான். "பூவைப் போட்டுட்டுத் திரும்பிடணும். அங்கே நின்னுண்டு வரேன்னு சொல்லப்படாது, யாரையும் வான்னு கூப்பிடப்படாது. கேட்டியோ?"

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற முறை அது. அவர்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஓடைக்கு வந்தபோது மணி மூன்றே முக்கால். காலையில் பெய்த மழை இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருக்க, அழுகிய சருகும் ஈரப் பாசியும் கலந்த வாடை மூக்கை அடைக்க, பாறைகளுக்கு மேலே பனிமூட்டம் மெல்ல இறங்கி எதிர்க்கரையை மூடிவிட்டிருந்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை.

"வெரசா எறங்கணும் மேடம்," என்றார் வழிகாட்டி வீரபாண்டி, மூணாறு எஸ்டேட்காரர். "அஞ்சு மணிக்குச் செக்போஸ்ட்ட அடைச்சிருவாக. பெறகு யானை நடமாட்டம்."

அவரும் அமர்நாத்தும் நடந்தார்கள். மஞ்சள் மழைக்கோட்டில் கிச்சா பாறையோரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்ரீஜா பூவைப் போட்டாள். போட்டதும் திரும்பியிருக்க வேண்டும். ஐயோ, எப்படித் திரும்புவாள்?

"ஜானு," என்றாள் மெதுவாக. "நம்மாத்துக்கு வந்துடுடி. அம்மாவோட வந்துடு."

ஓடையின் இரைச்சல் நின்றது.

ஒரு கணம்தான். மறுபடி கேட்டது. அவள் கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. சில்லென்று இருந்தது. மஞ்சள் மழைக்கோட்டு, முகத்தை மறைத்த அதன் தொப்பி. குளிர்கிறது போலிருக்கு பிள்ளைக்கு என்று வாரித் தோளில் போட்டுக்கொண்டு, பனிக்குள் தெரிந்த இரண்டு முதுகுகளின் பின்னால் இறங்கினாள். கனத்தது.

வீரபாண்டி காரருகே விடைபெற்றார். ஸ்ரீஜா பின்சீட்டில் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டாள். செக்போஸ்ட்டில் காவலர் குனிந்து பார்த்து மூன்று தலையை எண்ணி அனுப்பினார். பின்னால் குறுக்குக் கம்பத்தை இறக்கிவிட்டு அவர் அறைக்குள் போய்விட்டார். ரோட்டில் பள்ளம் பள்ளமாக இருந்ததால் கார் ஊர்ந்துதான் போனது.

ஈரக் காலைத் துடைக்கலாம் என்று முந்தானையை எடுத்தாள். கால் நீளமாக இருந்தது. கணுக்காலில் விரல் பட்டது.

கொலுசு.

தொப்பிக்குள்ளிருந்து ஈரப் பின்னல் ஒன்று நழுவி அவள் மணிக்கட்டில் விழுந்தது. ஓடைத் தண்ணீர் வாடை.

"அம்மா!"

பின்னாலிருந்து, இன்ஜின் சத்தத்தில் அமுங்கி.

பின்கண்ணாடியைத் துடைத்தாள். கம்பத்துக்கு அந்தப் பக்கம், பனியிலிருந்து ஒரு பையன் ஓடி வந்துகொண்டிருந்தான். மழைக்கோட்டு இல்லை. நனைந்த சட்டை. ஒரு காலில் மட்டும் செருப்பு. கம்பத்துக்கு அடியில் நுழைந்து, விழுந்து, எழுந்து மறுபடி ஓடினான்.

கதவைத் திறக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் கார் நின்றுவிடும். திறந்தால் ஜானு இறங்கிப் போய்விடுவாள்.

மடியிலிருந்த கை அவள் விரலை இறுக்கிப் பிடித்தது.

"கிச்சா தூங்கிட்டானோ?" என்றான் அமர்நாத், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம். தூங்கிட்டான்."

பையன் காரை எட்டிவிட்டான். உள்ளங்கை இரண்டும் கண்ணாடியில் பட்டன. ஸ்ரீஜா கையை நீட்டிக் கதவை உள்ளிருந்து பூட்டினாள்.