பின்பக்கம் தாழ்ந்த வண்டி

"என் புருஷன் எங்கேடா?"

மிக்தாலியாவின் அலறலில், தெருவில் டாமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டைகளைப் போட்டுவிட்டு எழுந்தார்கள்.

அவள் பிடித்திருந்தது கொழுந்தன் ஒஸ்னியெலின் காலரை! அப்போதுதான் வாடகை வண்டியை வாசலில் நிறுத்தி இறங்கியிருந்தான். ஐம்பத்து மூன்றாம் வருஷத்து அமெரிக்கக் கார். அண்ணன் ரிகோவும் அவனும் மாறி மாறி ஓட்டுவது.

"விடுங்க அண்ணி... சட்டை கிழியுது!"

"கிழியட்டும்! நேத்து சாயங்காலம் உங்கூடப் போனவரு, பொறந்த நாளும் அதுவுமா இன்னும் வீடு திரும்பல. நீ மட்டும் வர்றே!"

"எனக்கென்ன தெரியும்? வழியிலேயே எறங்கிட்டான்."

சத்தம் கேட்டு சார்ஜென்ட் பாஸ்குவால் வந்தார். அவர் கண் வண்டியின் பின்பக்கம் போயிற்று. பம்பர் நன்றாகத் தாழ்ந்து கிடந்தது.

"டிக்கில என்னடா?"

ஒஸ்னியெல் சிரித்தான்.

"ஒண்ணுமில்ல சார்ஜென்ட். ஸ்பிரிங் பட்டை படுத்துருச்சு. உங்களுக்குத் தெரியாததா? செக்போஸ்ட்ல எத்தனை தடவை பாத்திருக்கீங்க!"

"ஆமாமா... கிழட்டு வண்டி."

சார்ஜென்ட் திரும்பி நடந்தார்.

"நில்லுங்க!"

மிக்தாலியா ஒஸ்னியெலின் பக்கம் திரும்பினாள்.

"யார்கிட்டடா கதை விடறே? நேத்து மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் தூங்கறப்ப, நான்தான் வண்டியக் கொல்லன் பட்டறைக்கு ஓட்டிட்டுப் போனேன். ஒடைசல் லாரியோட பட்டைய வளைச்சு மாட்டினேன். பொறந்த நாளைக்கு அவருகிட்டச் சொல்லணும்னு வாயப் பொத்திட்டு இருந்தேன். நேத்து நிமிந்து நின்ன வண்டி... இன்னிக்கு எதைச் சுமந்துட்டுக் கெடக்குது?"

"அதான் நேத்து அப்படித் தூக்கிப் போட்டுச்சா..." ஒஸ்னியெலின் முகம் வெளுத்தது.

சொட்!

டிக்கியின் ஓரத்திலிருந்து... சிவப்பாக ஒரு துளி.

"ரத்தம்! பாவி... அண்ணனையே கொன்னுட்டான்!" என்று கத்தினாள் மிக்தாலியா.

சார்ஜென்ட் துப்பாக்கியை உருவினார். "தொறடா!"

"வேணாம் சார்ஜென்ட்..."

மிக்தாலியா காத்திருக்கவில்லை. வாசலில் கிடந்த கடப்பாரையை எடுத்து டிக்கியின் பூட்டில் ஒரே போடு!

உள்ளே சாக்கு மூட்டைகள். முதல் மூட்டையைக் கிழித்தாள்.

ஒரு கால்...

குளம்போடு!

"மாடு!" என்றார் டாமினோக்காரர் ஒருவர். "அடப்பாவி, நம்ம நாட்டுச் சட்டத்துல மாட்டைக் கொன்னாத்தானே தண்டனை ஜாஸ்தி! ஆளைக் கொன்னிருந்தாக்கூட ஜெயில்லேருந்து சீக்கிரம் வெளிய வந்திருப்பியே!"

அடுத்த மூட்டையில் தலை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தெருக் குழந்தைகளுக்கெல்லாம் பால் கொடுத்த பிலிபெர்த்தோவின் பசு! மிக்தாலியா சாக்கை உதறிவிட்டு எழுந்தாள்.

"அடிப்பாவி! போலீஸையா கூட்டினே?"

திரும்பினாள்.

ரிகோ! சட்டையெல்லாம் ரத்தக் கறை... கையில் கத்திப் பொட்டலம். உயிரோடு!

அவள் கண் கலங்கியது. ஒரே ஒரு கணம்தான்.

"மூட்டை கனத்துல வண்டி தாங்காதுன்னு நான் எறங்கி நடந்து வர்றதுக்குள்ள..."

பளார்!

"நீ செத்துட்டேன்னு தொண்டை கிழியக் கத்தினேனேடா! நம்ம புள்ள குடிச்ச பாலுடா அது!"

சார்ஜென்ட் பல்லைக் கடித்தார். "பட்டை படுத்துருச்சு, பட்டை படுத்துருச்சுன்னு இத்தனை மாசமா என் தலையிலயா மொளகா அரைச்சீங்க?"

இரண்டு விலங்குகள் பூட்டப்பட்டன. மூட்டைகளை இறக்க இறக்க, வண்டியின் பின்பக்கம் ஜம்மென்று எழுந்தது.

"எங்க ஜீப்புல பெட்ரோல் இல்லம்மா... உங்க வண்டியிலேயே இவங்களக் கொண்டு போகலாமா? பின்பக்கம் தாங்குமா?"

மிக்தாலியா ஒஸ்னியெலின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"தாராளமா ஏத்துங்க சார்ஜென்ட். லாரிப் பட்டை... எத்தனை மாட்டை வேணும்னாலும் தாங்கும்!"